நிலம் அளந்த கதை – 12: மூன்றாவது கட்டம்

அயர்லாந்தின் வடகோடியில், ஃபாயில் கழிமுகத்தின் கரையில், அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தலைவர் தாமஸ் கோல்பியின் ஆட்கள் பித்தளையும் இரும்பும் இணைந்த அளவுகோல்களை வரிசையாக நீட்டி, 1827, 1828 ஆகிய ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு மைல் நீள அடிக்கோட்டை அளந்து முடித்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். லாம்டன் 1802இல் நம் பரங்கிமலை அடியில் தொடங்கிய அளவையைப் பின்னாளில் இமயம் வரை கொண்டுசென்ற ஜார்ஜ் எவரெஸ்ட், இந்த அளவுகோல்களைப் பார்ப்பதற்காகவே 1829இல் அயர்லாந்து வந்தார். அதே வகை அளவுகோல்கள் பிறகு கல்கத்தாவுக்கும் கப்பலேறின. தூரமும் கோணமும் அவ்வளவு நுட்பமாகக் கணக்கிடப்பட்டுவிட்டன. ஆனால் ஒரு வரைபடத்துக்குக் கோடுகள் மட்டும் போதாது. அந்தக் கோடுகளின் மேல் பெயர்களை எழுதியாக வேண்டும். தியோடலைட்டால் பெயரை அளக்க முடியாது. யாரையாவது கேட்கத்தான் வேண்டும். யாரைக் கேட்டார்கள் என்பதுதான் இந்தப் பகுதியின் கதை.

அளவை எதற்காக நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பெயர் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பது விளங்கும். 1824இல் தாமஸ் ஸ்பிரிங் ரைஸ் தலைமையில் கூடிய நாடாளுமன்றக் குழு, அயர்லாந்து முழுவதையும் மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவில் வரைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. காரணம் வரி. கவுன்டி செஸ் என்ற உள்ளூர் வரி ‘டவுன்லேண்ட்’ என்ற சிறு நிலப்பிரிவுகளின் மீது விதிக்கப்பட்டது. நாடெங்கும் அப்படிப்பட்ட பிரிவுகள் 60,000க்கும் மேல். பழைய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரே நிலம் வரிப் பதிவேட்டில் ஒரு பெயரிலும், குத்தகைப் பத்திரத்தில் வேறொரு பெயரிலும், பாதிரியாரின் ஏட்டில் மூன்றாவதொரு எழுத்துக்கூட்டலிலும் இருந்தால், யாரிடம் எதற்கு வசூலிப்பது? எல்லை ஒன்றாக வேண்டும் என்றால் பெயரும் ஒன்றாக வேண்டும். அந்த எல்லைகளுக்குள்தான் நிலக்கிழார்களின் மாளிகைகளும் நின்றன.

இதற்காகப் பிறந்ததுதான் பெயர்ப் புத்தகம். ஒவ்வொரு பாரிஷுக்கும் தனித்தனியாக, களத்துக்கு எடுத்துச் செல்லும் கையெழுத்து ஏடு. பக்கம் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். முதல் கட்டத்தில் பெயர். இரண்டாவதில் அந்தப் பெயரை எழுதும் பல்வேறு விதங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்றாவதில் ஒவ்வொரு விதத்துக்கும் சான்று, அதாவது யார் அப்படி எழுதினார், எந்த ஏட்டில் அப்படி இருக்கிறது. நான்காவதில் இடம் எங்கே என்ற குறிப்பு. ஐந்தாவதில் விவரணை. இந்த ஐந்து கட்டங்களில் எனக்கு மூன்றாவதுதான் உயிர்நாடி. வரைபடம் அச்சாகும்போது அதில் முதல் கட்டம் மட்டுமே ஏறும். மற்ற நான்கும் அலமாரிக்குள் போய்விடும். ஆனால் ஒரு பெயர் எப்படித் தீர்மானமாயிற்று, யார் சொல் செல்லுபடியாயிற்று, யார் சொல் தள்ளப்பட்டது என்பதெல்லாம் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் பதிவாகியிருக்கிறது.

களத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் ராணுவத்தினர். ஐரிஷ் மொழி அறியாத காதுகள். கேட்டதைக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். அந்த ஏடுகள் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவுக்குள் இருந்த மவுன்ட்ஜாய் ஹவுஸ் என்ற தலைமையகத்துக்கு வந்துசேரும். அங்கே பொறுப்பிலிருந்தவர் தாமஸ் லார்கம். இளம் வயது, பொறியாளர் படை அதிகாரி, ஆங்கிலேயர். பெயர்களைச் சரியாக எழுத வேண்டுமானால் அவை பிறந்த மொழி தெரிய வேண்டும் என்று உணர்ந்து, தானே ஐரிஷ் கற்க உட்கார்ந்தார். அவருக்குக் கற்பித்தவர் கில்கெனி கவுன்டி உழவர் குடும்பத்தில் பிறந்த ஜான் ஓ’டானவன். 1830இல் ஓ’டானவன் சர்வேயின் பெயராய்வாளராகவே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு அளவில்தான் இருக்கும்.

ஓ’டானவன் முதல் சில ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்து பழைய ஏடுகளை ஒப்பிட்டார். 1650களில் வில்லியம் பெட்டி நடத்திய டவுன் சர்வே, நில உரிமை விசாரணைகளின் ஆவணங்கள், கிராண்ட் ஜூரி வரைபடங்கள், எல்லைகளைக் குறித்துத் தந்த ரிச்சர்ட் கிரிஃபித்தின் வரைவுகள் என்று கிடைத்த எல்லாம் மேசைக்கு வந்தன. 1834 முதல் அவரே ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். அந்த ஆண்டு டெரி, ஃபெர்மானா, 1836இல் மீத், ஸ்லைகோ, 1837இல் லாங்ஃபோர்டு, 1838இல் மேயோ. மழையில் நடந்து, ஐரிஷ் பேசும் முதியவர்களைத் தேடி, அவர்கள் வாயால் ஒரு பெயரைச் சொல்லவைத்து, அந்த உச்சரிப்பிலிருந்து மூலச்சொல்லைத் தேடினார். அன்றன்று கண்டதைக் கடிதமாக எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினார். டப்ளினில் ஜார்ஜ் பெட்ரியின் வீட்டில் இயங்கிய ஒரு சிறு பிரிவு அவருக்குத் துணை. யூஜின் ஓ’கரியும், படியெடுப்பவராகக் கவிஞர் ஜேம்ஸ் கிளாரன்ஸ் மங்கனும் அதில் இருந்தார்கள். ஓ’டானவன் பின்னர் ஓ’கரியின் மனைவியுடைய சகோதரியை மணக்க, இருவரும் சகலைகளானார்கள். ஒரு நாட்டின் பெயர்களைக் காப்பதற்கு இப்படியொரு கூட்டம் ஓர் அரசு அலுவலகத்துக்குள் கூடியது உலகில் அரிதாக நடந்த செயல்.

ஊரின் பெயருக்கு இவ்வளவு உழைப்பு. மாளிகையின் பெயருக்கு? அங்கே வழி வேறு.

ஐரிஷ் நிலக்கிழார் மாளிகைகளின் பெயர்களைக் கொஞ்சம் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டு நிலப் பறிப்புகளுக்குப் பிறகு வந்து அமர்ந்த குடும்பங்கள், 18ஆம் நூற்றாண்டில் கல்லில் பெரிய வீடுகள் கட்டத் தொடங்கின. ஐரிஷ் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் வில்லியம் கொனாலி 1722இல் கில்டேர் கவுன்டியில் தொடங்கியது காசில்டவுன். ஃபெர்மானாவில் ஜான் கோல் தன் மனைவி ஃப்ளாரன்ஸின் பெயரில் ஃப்ளாரன்ஸ் கோர்ட் என்று வைத்தார். டவுன் கவுன்டியில் ஸ்டூவர்ட் குடும்பம் வாங்கிய இடம் முதலில் மவுன்ட் ப்ளெசன்ட். பிறகு குடும்பப் பெயரையே ஏற்று மவுன்ட் ஸ்டூவர்ட் ஆயிற்று. லாங்ஃபோர்டில் எட்ஜ்வர்த் குடும்பத்தின் பெயர் வீட்டோடு நிற்காமல் ஊருக்கே பரவி எட்ஜ்வர்த்ஸ்டவுன் ஆனது. அந்த ஊருக்கு அதற்கு முன்பே மோஸ்ட்ரிம் என்ற பெயர் உண்டு. ஓ’டானவன் அங்கே போன 1837இல் நாவலாசிரியர் மரியா எட்ஜ்வர்த் அந்த வீட்டில் உயிரோடு இருந்தார். விக்லோவில் பவர்ஸ்கோர்ட்டில் வாழ்ந்தவர்கள் விங்ஃபீல்டு குடும்பத்தார். பெயர் மட்டும் நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே கோட்டை கட்டிய நார்மன் குடும்பத்தினுடையது.

இவை மண்ணின் அமைப்பையோ நீரோட்டத்தையோ சொல்லும் பெயர்கள் அல்ல. உரிமையைச் சொல்லும் பெயர்கள். ஆகவே இவற்றுக்கு ஐரிஷ் பேசும் முதியவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. உரிமையாளரோ அவருடைய காரியஸ்தரோ எழுதித் தந்தால் போதும். அப்படி எழுதித் தந்தவரின் பெயர் மூன்றாவது கட்டத்தில் ஏறியதும் வேறு கேள்விக்கு இடமில்லை. வரைபடத்திலும் மாளிகைக்குத் தனி மரியாதை கிடைத்தது. முதல் பதிப்பு ஆறங்குலத் தாள்களில், மாளிகையைச் சுற்றிய டெமீன் என்ற சொந்தத் தோட்ட நிலம் நுண்புள்ளி நிழலிட்டுத் தனித்துக் காட்டப்பட்டது. அந்தத் தாள்களைப் பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது மலையோ ஆறோ அல்ல, இந்தச் சாம்பல் திட்டுகள்தான்.

லார்கம் இதோடு நிற்கவில்லை. வரைபடத்துடன் ஒவ்வொரு பாரிஷுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு வேண்டும் என்று 1832இல் ஒரு வினா நிரலைத் தயாரித்தார். அதில் கனவான்களின் வீடுகளுக்கென்றே தனித் தலைப்பு உண்டு. யார் வீடு, எந்த நிலையில் இருக்கிறது, தோட்டம் எப்படி என்று அதிகாரிகள் எழுதினார்கள். டெம்பிள்மோர் பாரிஷ் பற்றிய தொகுதி மட்டும் 1837இல் அச்சானது. செலவைக் காட்டி அரசு இந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. வட கவுன்டிகளுக்காக எழுதிய குறிப்புகள் கையெழுத்தாகவே தங்கின. இன்று டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாதமியில் இருக்கின்றன. அந்தத் திட்டம் தெற்கு வரை போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

மாளிகைக்காரர் சொல்லே மாளிகையின் பெயர் என்ற வழக்கம் சர்வே ஏற்படுத்தியதல்ல. அதற்கு முந்தைய தனியார் வரைபடங்களில் அது இன்னும் வெளிப்படையாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வரைபடம் என்பது முன்பணச் சந்தாவில் நடந்த தொழில். ஜார்ஜ் டெய்லர், ஆண்ட்ரூ ஸ்கின்னர் என்ற இருவர், ஸ்காட்லாந்தின் சாலைகளை வரைந்து 1776இல் வெளியிட்டுவிட்டு அயர்லாந்து வந்து, 1777இல் அளந்து, 1778இல் அயர்லாந்துச் சாலைப் படங்களை வெளியிட்டார்கள். சாலை ஒரு பட்டையாக மேலே ஏறிக்கொண்டே போகும். இருபுறமும் கனவான்களின் வீடுகளும், வீட்டுக்காரர் பெயர்களும். வாங்குவோரும் அதே கனவான்கள்தான். தன் வீட்டையும் தன் பெயரையும் தாளில் பார்க்க விரும்புகிறவரிடம் எழுத்துக்கூட்டலைக் குறித்து வாதாட எந்த வரைபடக்காரர் முன்வருவார்? இங்கிலாந்திலும் இதே கதைதான். 1766இல் ஆண்ட்ரூஸும் ட்யூரியும் வெளியிட்ட ஹார்ட்ஃபோர்டுஷயர் வரைபடத்தில் மாளிகைகளின் அருகே உரிமையாளர் பெயர்கள் நிற்கின்றன. அரசுப் பணத்தில் நடந்த சர்வே, சந்தாவிலிருந்து விடுபட்டது. அதுவே பெரிய முன்னேற்றம். ஆனால் மாளிகை விஷயத்தில் பழைய மரியாதை அப்படியே தொடர்ந்தது.

ஊர்ப் பெயரும் மாளிகைப் பெயரும் ஒரே வேரிலிருந்து கிளைத்து வெவ்வேறு எழுத்தில் நின்றுவிட்ட இடங்களில் இது நன்றாகத் தெரியும். ஸ்லைகோவில் கோர்-பூத் குடும்பத்தின் மாளிகை, கவிஞர் யேட்ஸால் உலகறிந்தது, லிஸ்ஸடெல். ராபர்ட் கோர்-பூத் அதைக் கட்டியது 1830களின் முதல் பாதியில்; அதாவது சர்வேக்காரர்கள் ஸ்லைகோவுக்கு வந்த காலத்தை ஒட்டி. அந்த நிலத்தின் ஐரிஷ் பெயர் லியஸ் அன் டாய்ல், பார்வையற்றவரின் மண்கோட்டை. நிலப்பதிவில் டவுன்லேண்டின் பெயர் லிஸ்ஸடில் என்றே நிலைத்தது. மாளிகையின் பெயர் லிஸ்ஸடெல். ஒன்றுக்கு ஏட்டு மரபு, மற்றொன்றுக்குக் குடும்ப மரபு. ஒரே எழுத்தின் வேறுபாடுதான். ஆனால் குடும்பப் பத்திரங்களையும் வரிப் பதிவுகளையும் தேடுகிற ஆராய்ச்சியாளர் இரண்டு எழுத்திலும் தேடினால்தான் முழுக் கதையும் அகப்படும்.

இனி ஸ்காட்லாந்து. அயர்லாந்து வேலை 1846இல் கெரி கவுன்டித் தாள்களோடு முடிந்தது. அங்கே தேறிய முறை அப்படியே ஸ்காட்லாந்துக்கும் வட இங்கிலாந்துக்கும் சென்றது. பெயர்ப் புத்தகத்தின் கட்டங்களும் சென்றன. ஆனால் ஓ’டானவன் போன்ற ஒருவர் அங்கே செல்லவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டுவதைவிட, வாழும் மனிதர்களின் ஒப்புதலே முக்கியமாயிற்று. ஒரு பெயருக்கு வழக்கமாக மூன்று பேர் சான்று. நிலக்கிழார், காரியஸ்தர், பாதிரியார், பள்ளி ஆசிரியர், தபால்காரர், பெரிய குத்தகைதாரர் என்று அவர்களின் பெயர்களைக் கட்டத்தில் பார்க்கலாம். மாளிகையானால் ஐந்தாவது கட்டம் நீளும். கல் கட்டடமா, எத்தனை மாடி, லாயமும் தோட்டமும் உண்டா, யாருடைய சொத்து, இப்போது யார் குடியிருக்கிறார். கட்டடக்கலை வரலாற்றாளர்கள் இன்றும் இந்த வரிகளைத் தேடிப் படிக்கிறார்கள்.

ட்வீட் ஆற்றங்கரையில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். வால்டர் ஸ்காட் 1811இல் மெல்ரோஸ் பக்கத்தில் ஒரு சிறு பண்ணையை வாங்கினார். பத்திரத்தில் அதன் பெயர் கார்ட்லிஹோல். அக்கம்பக்கத்தார் வாயில் அது கிளார்ட்டி ஹோல், சேற்றுப் பள்ளம். மெல்ரோஸ் மடத்துத் துறவிகள் அந்த இடத்தில் ஆற்றைக் கடந்ததை நினைத்து, ஸ்காட் அதற்கு ஆபட்ஸ்ஃபோர்டு என்று பெயர் வைத்தார். 1824இல் மாளிகை முழுமை பெற்றது. 1858 முதல் 1860 வரை ராக்ஸ்பரோஷயரின் பெயர்ப் புத்தகங்கள் எழுதப்பட்டபோது ஸ்காட் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய பேத்தியின் கணவர் கைக்குச் சொத்து வந்திருந்தது. அதற்குள் ஆபட்ஸ்ஃபோர்டு ஐரோப்பாவெங்கும் தெரிந்த பெயர். ஒரு நாவலாசிரியர் சூட்டிய பெயர் ஐம்பது ஆண்டுக்குள் அரசு வரைபடத்தில் ஏறிவிட்டது. பண்ணையாட்கள் தலைமுறையாகச் சொல்லிவந்த பெயர் ஸ்காட்டின் வாழ்க்கை வரலாறுகளில் மட்டும் தங்கிற்று. ஸ்காட் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்தப் பண்ணையாட்களில் ஒருவரை எவரும் சான்றாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு உறுத்துகிறது.

இது வெறும் ஊகமல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்வே தன் கள ஆய்வாளர்களுக்குக் கொடுத்த விதிகள் எஞ்சியிருக்கின்றன. வீடு, பண்ணை, பூங்கா, தோப்பு என எஸ்டேட்டுக்குள் அடங்கிய எதற்கும் உரிமையாளரே சிறந்த சான்று என்கின்றன அவை. சமூகத்தில் ஓரளவு மதிப்புள்ளவர்களைக் கேட்க வேண்டும். சிறு குடியானவர்களையும் குடிசைவாசிகளையும், அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட, முக்கியமாக எழுத்துக்கூட்டலுக்கு, நம்பக் கூடாது. இதை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எழுத்துக்கூட்டலைக் கேட்பதில் என்ன பயன் என்பது அவர்கள் தர்க்கம். ஆனால் எழுதத் தெரியாதவரின் வாயில்தான் பெயரின் பழைய ஒலி இருந்தது. அதை முதலில் கண்டுகொண்டவர் ஓ’டானவன். அவர் சான்று தேடிப் போனது இந்த விதிகள் ஒதுக்கிவைத்த அதே மனிதர்களிடம்தான். அவருடைய பெருமை எனக்கு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

சர்வே ஐரிஷ் பெயர்களை அழித்தது என்ற குற்றச்சாட்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிரையன் ஃப்ரியலின் ‘டிரான்ஸ்லேஷன்ஸ்’ நாடகம் 1980 செப்டம்பரில் டெரி நகரில் அரங்கேறியபோது, ராணுவ அதிகாரியும் உள்ளூர் இளைஞனும் ஒரு பெயர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களை ஆங்கிலமாக்கும் காட்சி பலர் மனத்தில் பதிந்துவிட்டது. அது வலிமையான நாடகம். வரலாறு அதைவிடச் சிக்கலானது. ஜே. எச். ஆண்ட்ரூஸ் 1975இல் எழுதிய ஆய்வு நூல் காட்டியபடி, பெரும்பாலான பெயர்கள் சர்வேக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டு நிலப் பறிப்புகளின் ஆவணங்களிலேயே, ஆங்கில எழுத்துக்கு வந்துவிட்டன. சர்வே செய்தது அவற்றில் ஒரு வடிவத்தைத் தேர்ந்து நிலைப்படுத்தியது. ஐரிஷ் மூலத்தையும் ஏட்டில் எழுதிவைத்தது. ஆனால் அச்சான வரைபடத்தில் ஐரிஷ் எழுத்து ஏறவில்லை. அழித்தார்கள் என்று சொல்வதும் தவறு, காத்தார்கள் என்று மட்டும் சொல்வதும் குறை. வரைபடத்தில் விட்டதை ஏட்டில் வைத்தார்கள். எனவே அந்த நாட்டுக்கு ஏடு வரைபடத்தைவிட விலைமதிப்பற்றது.

ஏடுகளின் பிற்கால விதியைச் சொன்னால் அந்த மதிப்பு இன்னும் விளங்கும். விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும், 1920 முதல் 1923 வரை, அயர்லாந்தில் சுமார் 275 மாளிகைகள் எரிக்கப்பட்டன. பிறகும் பல இடிந்தன. கிரெகரி சீமாட்டியின் கூல் பார்க் 1941இல் இடிக்கப்பட்டது. எழுத்தாளர் எலிசபெத் பவன் விற்ற பவன்ஸ் கோர்ட் 1961இல். 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்து, பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. பெயர்ப் புத்தகங்கள் அங்கே இல்லை. ஃபீனிக்ஸ் பூங்காவில் சர்வேயின் கையிலேயே இருந்தன. அதனால் பிழைத்தன.

இங்கிலாந்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1841 அக்டோபரில் லண்டன் கோட்டையில் தீப்பிடித்ததைத் தொடர்ந்து சர்வேயின் தலைமையகம் சவுத்தாம்ப்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1940இன் இறுதியில் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரின் மேல் குண்டு வீசியபோது, இங்கிலாந்து, வேல்ஸ் பெயர்ப் புத்தகங்களில் பெரும்பகுதி அழிந்தது. கம்பர்லாண்டு, டர்ஹம், ஹாம்ப்ஷயர், நார்தம்பர்லாண்டு, வெஸ்ட்மர்லாண்டு என்ற ஐந்து கவுன்டிகளின் ஏடுகளே எஞ்சி, இன்று லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார்க்ஷயரில் நிற்கும் ஒரு மாளிகையின் பெயர் வரைபடத்தில் இன்றும் இருக்கிறது. அது ஏன் அந்த எழுத்தில் இருக்கிறது, யார் சொன்னார், எந்த வடிவங்களைத் தள்ளிவிட்டு இதைக் கொண்டார்கள் என்பதைச் சர்வேயின் களப்பதிவில் இனிப் பார்க்க வழியில்லை. ஸ்காட்லாந்தின் ஏடுகளோ பத்திரமாகத் தப்பின. அவை இப்போது படங்களாக்கப்பட்டுள்ளன. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகப் படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே எவரும் ஒரு மாளிகையின் பெயரைத் தேடி, மூன்றாவது கட்டத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கலாம்.

பெயர் நிலைத்த பிறகு அதன் மேல் பணம் ஏறியது. எல்லைகளைக் குறித்துத் தந்த அதே ரிச்சர்ட் கிரிஃபித், 1847 முதல் 1864 வரை ஒவ்வொரு டவுன்லேண்டாக, ஒவ்வொரு வீடாக மதிப்புக் கட்டி வெளியிட்டார். பெரும் பஞ்சம் நாட்டைக் காலிசெய்துகொண்டிருந்த ஆண்டுகளில் அந்த வேலை எப்படி நடந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)